புத்தூரில் ஒரு தெருக்குத்து வீடு

சிரஞ்சீவி சம்பத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் வைதேகியும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதைக் கடிதத்திலும் நாலு வரி நீட்டி எழுதுகிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. உன் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். மெட்ராஸில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், எழும்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை, திருவல்லிக்கேணியில் உன் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆபீஸை மூடுகிற வரைக்கும் நீ அங்கேயே இருந்தாக வேண்டும், அதனால் வைதேகியை மட்டும் இங்கே அனுப்புகிறாய். சரி, வரட்டும். தாயில்லாத பெண், புக்ககத்துக்கு வராமல் வேறு எங்கே போவாள்? ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, 'ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டில் அவள் பத்திரமாக இருப்பாள்' என்று, அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் வீடா? எந்த வீடுடா அது?

நீ சொல்வது சித்திரை வீதியில் நாங்கள் குடியிருக்கும் இந்த ஒரு அறையையும் சமையற்கட்டையும் என்றால், அது செங்கமலம் மாமியின் வீடு. அதையும் சித்திரை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி மயிலாப்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறானாம். "நானா வெரட்டறேன்? ஜப்பான்காரன் வெரட்டறான், நான் என்ன பண்ணட்டும்?" என்று என்னிடமே நியாயம் கேட்டாள். மாசி மாதமே சொல்லிவிட்டாள். உனக்கு எழுதலாம் என்றால் உன் அப்பா விடவில்லை. "குழந்தை அங்கே குண்டு எப்போ விழுமோன்னு உக்காந்துண்டிருக்கான், அவனுக்கு இதை வேற எழுதணுமா?" என்றார். குழந்தைக்கு இருபத்தாறு வயது என்பது அவருக்கு மறந்துபோகிறது. அதன் பிறகு இந்த ஊரில் ஒரு போர்ஷன் கிடைக்குமா என்று நான் ஏறாத படியில்லை. அடையவளைந்தான் வீதியில் மாட்டுக் கொட்டிலுக்குத் தட்டி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதற்கும் மெட்ராஸ்காரர்கள் மூன்று மாத வாடகையை முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வாடகை வீடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறந்துவிட்டாய். உனக்கு நாலு வயதிருக்கும், அப்போது உத்தர வீதியில் இருந்தோம். வைகுண்ட ஏகாதசி வந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பந்துக்கள் வந்து குவிவார்கள். குடியிருக்கிறவர்கள் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பகல் பத்து, ராப்பத்து முடிகிறவரை சமையற்கட்டில் சுருண்டு கிடக்க வேண்டியது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஊர் வழக்கம். அந்த வருஷம் பார்த்து உனக்கு அம்மை வார்த்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மை போட்ட ஆத்துக்கு விருந்தாளி எப்படி வருவா? நீங்களே சொல்லுங்கோ" என்றாள். நல்ல மனுஷிதான். கண்ணில் ஜலம்கூட வந்தது. ஆனாலும் நாங்கள்தான் போனோம். உன்னை வேப்பிலையோடு சேர்த்து வேஷ்டியில் சுற்றி, குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு, திருவானைக்காவலில் உன் அப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய வைக்கோல் அறையில் கொண்டு போட்டேன். ஊரே சொர்க்க வாசலுக்குள் நுழைகிறது, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போகிறேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் நீ முனகினாய். அன்றைக்கு நினைத்தேன், எத்தனை சின்னதாக இருந்தாலும் சரி, நம்மை எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும் என்று. அதற்கு அப்புறம் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

உன் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கையில் பணம் வந்ததும் முதலில் ஸ்ரீரங்கத்திலேயே பார்த்தோம். இங்கே நமக்கு எட்டாது என்று ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. காவேரிக்கு அந்தப் பக்கம் டவுனில் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "ரங்கனை விட்டுட்டு ஆத்தைத் தாண்டிப் போறதா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாலத்தைத் தாண்டினால் பரமபதம் போய்விடுமா? காலையில் பஸ் ஏறினால் உச்சிக் காலத்துக்கு முன்னால் சேவித்துவிட்டுத் திரும்பலாம். இங்கே சித்திரை வீதியில் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு தரம்தான் கோவிலுக்குப் போகிறார், அதையும் சொன்னேன். கடைசியில் கார்த்திகை மாதம், புத்தூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிமுத்து என்பவருடைய வீடு. சம்சாரம் போய்விட்டாள், மதுரையில் மகளோடு போய் இருக்கப் போகிறார். சின்ன வீடுதான். இரண்டு அறை, நல்ல காற்று, பின்னால் கிணறு, ஒரு முருங்கை. விலையும் நமக்குக் கட்டுப்படியாகிற விலை. கிறிஸ்தவர் இருந்த வீடாயிற்றே என்று உன் அப்பா முணுமுணுத்தார். வீட்டைச் சுத்தி பண்ணப் புண்யாஹவாசனம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். சவரிமுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. நாங்கள் குடிக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத நாங்கள் அவருடைய கிணற்றையே விலைக்கு வாங்க வந்திருந்தோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாமல், "பிடிச்சிருந்தா அச்சாரம் குடுத்துட்டுப் போங்க சாமி" என்றார். உன் அப்பா விரல் விட்டு எண்ணினார். மார்கழி பிறக்க மூன்று நாள் இருந்தது. ஒரு நாள் திதி சரியில்லை, ஒரு நாள் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது நாள் அவருடைய ராசிக்குச் சந்திராஷ்டமம்.

"மார்கழி போயிட்டு தை பொறக்கட்டும்" என்றார். பெருமாள் தன்னுடைய மாசம் என்று சொல்லிக்கொண்ட மாசம் மார்கழி. அந்த மாசத்தில் பெருமாளைப் பார்க்கலாமாம், வீட்டைப் பார்க்கக் கூடாதாம். சவரிமுத்து சிரித்தார். "எங்களுக்கு அது ஆண்டவர் பிறந்த மாசங்க. ஆனா உங்க வழக்கம் உங்களுக்கு. தையிலேயே குடுங்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அந்த மார்கழியில்தான் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் திருச்சியில் வீடு தேட ஆரம்பித்தார்கள். சவரிமுத்துவிடம் கூடுதல் விலைக்கு இரண்டு பேர் கேட்டார்களாம், இல்லை என்று அனுப்பிவிட்டார். கையில் ஒரு காசு அச்சாரம் வாங்கவில்லை, வாய் வார்த்தைதான். அந்த மனுஷர் அதைக் காப்பாற்றினார்.

தை பிறந்தது. நாள் பார்த்தாயிற்று. வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. அன்றைக்குப் பார்த்து உன் கடிதம் வந்தது. நீ எழுதினதை ஒரு எழுத்து விடாமல் என்னால் சொல்ல முடியும். 'யுத்த காலத்தில் வீட்டு விலையெல்லாம் இறங்கும். இங்கே மாம்பலத்தில் கட்டின விலைக்குப் பாதிக்குக்கூட ஆள் இல்லை. ஆறு மாதம் பொறுத்தால் இன்னும் சல்லிசாக வரும். அவசரப்பட வேண்டாம்.' உன் அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? ஏற்கெனவே காலைத் தூக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறவர். "பி.ஏ. படிச்சவன் சொல்றான்டீ. எகனாமிக்ஸ்!" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்கிற கதையாகப் போயிற்று. மாம்பலத்தில் வீட்டைப் பாதி விலைக்கு விட்டுவிட்டு ஓடுகிறவன் எங்கே போவான் என்று உன் எகனாமிக்ஸில் சொல்லிக் கொடுக்கவில்லையா? அவன் இங்கேதான் வருவான். அவன் இங்கே வந்தால் இங்கே விலை என்ன ஆகும்? கீரைக்காரியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். நான் சொன்னேன். "நோக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

நானும் கூடப் போனேன் புத்தூருக்கு. சவரிமுத்து சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். உன் அப்பா சுற்றி வளைத்து, யுத்தம், உலகம் என்று பேசி, கடைசியில் மகன் பொறுக்கச் சொல்கிறான் என்றார். சவரிமுத்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அப்புறம், "சரிங்க சாமி. மகன் சொன்னா கேக்கத்தானே வேணும். ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா எனக்கும் சௌகரியமா இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த வாரமே ரங்கூன் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது. இப்போது அந்த வீட்டை விற்றால் நாங்கள் பேசின விலைக்கு இரண்டு மடங்கு வரும் என்கிறார்கள். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "யாருக்குத் தெரிஞ்சுது?" என்றார். எனக்குத் தெரிந்தது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று எழுத உட்காரவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரியும். அப்பாவின் காசு வீணாகக் கூடாது என்று எழுதினாய். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நீயும் இனிமேல் குடும்பஸ்தன். ஒருவர் வருஷக்கணக்கில் ஒரு காரியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தால், இன்னும் ஆறு மாதம் பொறு என்று சொல்வதற்கு முன்னால், பொறுக்கிறவர் யார், எங்கே படுத்துக்கொண்டு பொறுக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். வைதேகியிடம் ஒரு நாளும் இப்படிச் சொல்லாதே. அவள் கேட்பது உனக்கு அற்பமாகத் தோன்றினால் இரண்டாம் தரம் கேள். அலை ஓய்ந்து ஸ்நானம் பண்ணலாம் என்று சமுத்திரக் கரையில் நிற்கிறவன் அழுக்கோடுதான் வீட்டுக்கு வருவான். உன் அப்பா அப்படித்தான் நிற்கிறார். நீயும் அவர் பக்கத்தில் போய் நிற்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அப்பாவிடம் சொல்லாமல் நான் மட்டும் பஸ் ஏறிப் புத்தூர் போனேன். சவரிமுத்துவின் பழைய வீடு இருக்கிற அதே பக்கம், இன்னும் இரண்டு தெரு உள்ளே. அங்கே தனபாக்கியம் என்று மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒரு அம்மாள் தன் வீட்டை விற்கிறாள். ஓட்டு வீடு, மண் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது, ஒரு அறையில் மழைக்கு ஒழுகும். கிணறு இல்லை, தெருக்கோடியில் குழாய். இத்தனை மெட்ராஸ்காரர்கள் அலைகிறபோது இது மட்டும் ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்பாய். தெருக்குத்து. எதிர்த்த தெரு நேராக வந்து வாசலில் முட்டுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் குடும்பம் விளங்காது என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். அதனால்தான் அது நம் கைக்கு எட்டுகிறது. "ரெண்டு பேரு பார்த்துட்டுத் தெருக்குத்துன்னதும் யோசிக்கிறாங்கம்மா. ஆனா குண்டு பயம் ஜாஸ்தியாச்சுன்னா தெருக்குத்தாவது ஒண்ணாவது, வாங்கிப் போட்டுருவாங்க. நீங்க சீக்கிரம் சொல்லிடுங்க" என்றாள். நான் அவளிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அந்த வீட்டில் அவள் எத்தனை வருஷம் இருந்தாள், என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூன்று பிள்ளைகளை அங்கேதான் பெற்று வளர்த்தாளாம். எல்லாரும் கை கால் சுகத்தோடு சம்பாதித்துக்கொண்டு இருக்கிறார்கள். இப்போதும் மூத்தவன் கூப்பிடுகிறான் என்றுதான் போகிறாள். தெருக்குத்துக்குத் தோஷ பரிகாரமாக வாசல் சுவரில் ஒரு மாடம் வைத்துப் பிள்ளையார் வைத்திருக்கிறாள். உன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். வீட்டைக்கூட விட்டுவிட்டார், பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஆத்து வாசல்ல பிள்ளையாரா?" என்றார். தும்பிக்கையாழ்வார் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நாமம் போட்டுவிட்டால் நம்மவராகிவிடுவார் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நேற்று அழைத்துப் போய்க் காட்டினேன். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் பஸ்ஸில், "மோசமில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வராது. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் என்னைப் பற்றியும் அவர் அதைத்தான் சொன்னாராம்.

வீடு திரும்பினால் உன் கடிதம் காத்திருக்கிறது. வாசித்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். சம்பத்துக்கு எழுதிக் கேட்போம், அவன் என்ன சொல்கிறானோ என்றார். ராத்திரி முழுக்க வாதம். காலையில் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். "இன்னிக்கு அஷ்டமிடீ" என்றார்.

"கண்ணன் பொறந்தது அஷ்டமி. ராமன் பொறந்தது நவமி. பெருமாளுக்கே ஆகும், நேக்கு ஆகாதா?" என்றேன்.

"அதனாலதான் ஒருத்தன் ஜெயில்ல பொறந்தான், ஒருத்தன் காட்டுக்குப் போனான்" என்றார். சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

"அவா ரெண்டு பேருக்கும் ஊர் ஊருக்குக் கோவில் கட்டி வெச்சிருக்கா. நேக்கு ஒரே ஒரு வீடு போறும். எழுந்திருங்கோ" என்றேன்.

எழுந்துவிட்டார். இதோ, குடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை உன் சம்மதம் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பதில் வந்த பிறகு அச்சாரம் கொடுத்தால் என்ன என்று இப்போதுகூடக் கேட்டார். கடிதம் அது பாட்டுக்கு மெட்ராஸ் போகட்டும், நாம் புத்தூர் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே நானும் போகிறேன். தனியாக அனுப்பினால் வழியில் ஒரு பூனை குறுக்கே போனாலும் திரும்பி வந்துவிடுவார். ஆகையால் இது உன் கைக்கு வரும்போது அச்சாரம் கொடுத்து முடிந்திருக்கும். விலை இறங்குமா ஏறுமா என்று எழுதாதே. தெருக்குத்து என்று உன் மாமனார் ஏதாவது சொன்னால், அவர் சொன்னதை அங்கேயே வைத்துக்கொள். ஓடு மாற்ற ஆள் வேண்டும், அதற்கு முடிந்தால் ஏதாவது அனுப்பு. முடியாவிட்டால் பரவாயில்லை, ஒழுகுகிற அறையில் நாங்கள் படுத்துக்கொள்கிறோம். உன்னையும் ஆபீஸில் எப்போது விடுகிறார்களோ அப்போதே, ராகு காலமானாலும் எமகண்டமானாலும், கிடைத்த ரயிலில் ஏறி வந்து சேர்.

வைதேகியிடம் ஒன்று சொல். கல்யாணத்துக்கு அவளுக்கு யாரோ பெரிய பட்டாபிஷேகப் படம் ஒன்று கொடுத்தார்களே, அதைத் துணியில் சுற்றி, கண்ணாடி உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். முப்பது வருஷமாக வீட்டுக்காரர்களின் சுவர் பெயர்ந்துவிடுமே என்று நான் பெருமாளைத் தரையில் பலகை போட்டுச் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன். புத்தூர் வீட்டில் அவளுக்குப் பிடித்த இடத்தில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

அம்மா